என் மூத்தவனின் பெயர்

எங்கள் பங்காளிகளில் ஒருவர் எங்கள் கூட்டத்தின் வம்ச வரலாற்றைப் புத்தகமாக அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். கெட்டி அட்டை போட்ட புத்தகம். நடுவில் ஒரு பெரிய தாளை மடித்து வைத்திருந்தார்கள். அதில் கிளை கிளையாகப் பிரிந்து ஆண்களின் பெயர்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் கிளையைத் தேடினேன். என் மாமனார் இருந்தார். என் கணவர் இருந்தார். அவருக்குக் கீழே ஒரே ஒரு மகன் இருந்தான்.

"ரெண்டு பேருங்க," என்றேன்.

"மூத்தது கொளந்தையிலயே போயிருச்சுங்களே ஆத்தா. அதையெல்லாம் சேத்தினா தாளு பத்தாதுங்க," என்றார் அவர்.

தாள் பற்றாவிட்டால் பெரிய தாளாக வாங்கியிருக்கலாம். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். போகட்டும். அவர் தாளில் இடமில்லாதவனுக்கு என் நோட்டில் இடம் உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒரு பெயரை எழுதினால் அதே பெயருள்ள நான்கு பேர் சண்டைக்கு வருவார்கள், எங்கள் வழக்கம் அப்படி. மற்றபடி இது பயமில்லை. பெயரைச் சொல்லப் பயந்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. அந்தப் பயத்துக்கு நான் கொடுத்த விலை போதும்.

நாமக்கல்லுக்குக் கிழக்கே, எருமப்பட்டிக்குப் போகிற வழியில் இருந்தது நான் வாழ்க்கைப்பட்ட ஊர். வடக்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். சோளமும் நிலக்கடலையும் ஆமணக்கும் விளைகிற மேட்டுக்காடு, ஒரு கிணறு, இரண்டு ஜோடி மாடு. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். மாமனாரும் கணவரும் மட்டும்தான் வீட்டில். நாத்தனாரைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அந்த வீட்டில் ஆண்களுக்கு மொத்தமே இரண்டு பெயர்கள்தான். தாத்தாவின் பெயர் பேரனுக்கு. அப்படியானால் அப்பா ஒரு பெயர், மகன் மற்றொரு பெயர், பேரனுக்கு மறுபடி முதல் பெயர். அண்ணன் தம்பி நான்கு பேர் இருந்தால் நான்கு பேருடைய மூத்த மகன்களுக்கும் ஒரே பெயர். சந்தையில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிக் கூட்டம் திரும்பிப் பார்க்கும். அதனால் மேட்டுக்காட்டார், கிணத்துக்காட்டார், வண்டிக்காரர் வீடு என்று பட்டம் சேர்த்துச் சொல்வார்கள்.

இந்த வழக்கத்தோடு இன்னொரு வழக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. மகனும் அப்பன் பெயரைச் சொல்லமாட்டான். என் மூத்தவன் பிறந்தபோது மாமனார் பெயரை வைத்தார்கள். நாத்தனார் அதை அவன் காதில் மெதுவாகச் சொன்னார். எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, பெற்றவர்கள் இருவருமே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது என்று. மாமனார் தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு, "என்ன, என்ற பேருக்காரரே" என்பார். நாங்கள் சாமி என்போம். எங்கள் பக்கம் எல்லாக் குழந்தையும் சாமிதான். பெரியவர்களும் சாமிதான். ஆக, என் மகனுக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது, அதை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ஒரு கோடையில் எங்கள் ஊரில் பேதி கண்டது. இரண்டு வயது முடிந்து சில மாதங்களே ஆன என் மகனையும் பிடித்தது. விடிந்தும் விடியாமலும் வண்டி கட்டி, இரண்டு கல் தொலைவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய தருமாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கணவர் வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குழந்தையோடு உள்ளே போனேன்.

மேஜையில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு மதர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். பெரிய நோட்டு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்.

"பிள்ளையின் பெயர் என்ன?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. "சாமிங்க," என்றேன்.

"அது எல்லாருக்கும் சொல்வது. இவனுடைய பெயர்?"

இந்த மாதிரி சமயத்தில் பக்கத்தில் இருக்கிற யாராவது நமக்காகச் சொல்வார்கள். திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. மதர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. பெயர் எழுதவேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டு, ஆண், இரண்டு வயது என்று எழுதிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

நடுப்பகலில் அவன் கண் செருக ஆரம்பித்தது. நான் "சாமி, சாமி" என்று கூப்பிட்டேன். பக்கத்துக் கட்டிலில் கிடந்த குழந்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. என் மகன் பார்க்கவில்லை. பெயர் என் வாய்க்குள் இருந்தது, பிள்ளை என் மடியில் இருந்தான். அப்போதும் நான் சொல்லவில்லை. வெட்கம் கெட்ட அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையவேண்டும் போலிருக்கும்.

மாலையில் காட்டுக் கரையோரம் புதைத்தார்கள். மாமனார்தான் குழி வெட்டினார். அவரும் அழுதார், அதை மறைத்துச் சொன்னால் பாவம். குழந்தையைப் புதைத்த இடத்தில் எங்கள் வழக்கப்படி அடையாளம் ஒன்றும் வைப்பதில்லை.

அடுத்த இரண்டு வருடமும் மழை சரியில்லை. கிணறு தரை தட்டியது. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கவும் வெந்நீர் போடவும் ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். நான் போகிறேன் என்றேன். மாமனாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் சோளம் இருந்த லட்சணத்தில் வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் வாயில்லை.

போர்டு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். மருந்துப் புட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் எழுத்தின் வடிவமும் பழகிவிட்டது. அர்த்தம் தெரியாது. இந்தச் சீட்டும் அந்தச் சீட்டும் ஒன்றா, வேறா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் மதரின் சொந்த வேலைக்குள் நான் நுழைய முடிந்தது.

அந்த மதர் கனடா தேசத்துக்காரர். ஊரில் எல்லோரும் அவரை இங்கிலீஷ்கார மதர் என்பார்கள். அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"நான் இங்கிலீஷ்காரி அல்ல. எங்கள் ஜனங்கள் பிரெஞ்சு தேசத்திலிருந்து கப்பலில் போய்க் குடியேறினவர்கள். பிற்பாடு இங்கிலீஷ்காரர் வந்து சண்டையில் ஜெயித்தார்கள். தேசத்தைப் பிடித்தார்கள். எங்கள் பாஷையையும் கோயில் புத்தகத்தையும் அவர்களால் பிடிக்க முடியவில்லை," என்பார்.

கோயில் புத்தகம் என்று அவர் சொன்னது, அவர்கள் ஊர் மாதா கோயிலில் பிறப்பு, கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கிற பேரேடு. அவருடைய தம்பி ஒருவர் அங்கே வாத்தியார். லீவு நாட்களில் ஊர் ஊராகப் போய் அந்தப் பேரேடுகளைப் பார்த்து, தங்கள் முன்னோர்கள் பெயரைச் சின்னச் சின்ன சீட்டில் எழுதித் தபாலில் அனுப்புவார். மதர் அவற்றைக் காலியான கொய்னா மாத்திரை டப்பாக்களில் தலைமுறை வாரியாகப் போட்டு வைப்பார். மதியம் நோயாளிகள் வருவது நின்றபிறகு டப்பாக்களைத் திறந்து மேஜைமேல் பரப்பிவிட்டு, இன்னாருக்கு இன்னார் மகன் என்று ஒரு நீளத் தாளில் எழுதிச் சேர்ப்பார். அவருக்குக் கண்ணில் பூ விழ ஆரம்பித்திருந்தது. தம்பியின் பொடி எழுத்து தெரியவில்லை. எனவே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, ஒரே மாதிரி எழுத்துள்ள சீட்டுகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்.

சில வாரங்களில் அந்த வம்சம் எனக்கு என் புகுந்த வீட்டைவிட நன்றாகப் பழகிவிட்டது. முதலில் போனவர் ஒரு சிப்பாய். அங்கே சிப்பாய்களுக்கெல்லாம் பட்டப்பெயர் உண்டாம். அவருக்குக் கவலையில்லாதவன் என்று பட்டம். பேரன் பேத்திகள் குடும்பப் பெயரோடு அந்தப் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு சிலர் குடும்பப் பெயரை விட்டுவிட்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள், சிலர் பட்டத்தை விட்டுவிட்டார்கள். கூடப்பிறந்தவர்களுக்கே வேறு வேறு பெயர். மதர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"இதிலென்னங்க இருக்குது? எங்கூருல மேட்டுக்காட்டாருக்கும் கிணத்துக்காட்டாருக்கும் ஒரே பாட்டந்தானுங்க," என்றேன். "ஆனா உங்க பாட்டன் பட்டம் உங்களுக்கு ஒட்டவே இல்லீங்க மதர். இத்தனை கவலைப்படறீங்க."

அவர் சிரித்துவிட்டார்.

அங்கே பெண் குழந்தை என்றால் எல்லோருக்கும் முதல் பெயர் மாதாவின் பெயர். ஆண் என்றால் எல்லோருக்கும் மாதாவின் புருஷன் பெயர். கூப்பிடுவது அதற்குப் பின்னால் வருகிற வேறு பெயர். அதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அந்தப் பேரேட்டில் பெண்களைக் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் எழுதுகிறார்கள், அடக்கம் பண்ணும்போதும் அதே பெயர்தான். இன்னார் பெண்சாதி என்று மட்டும் எழுதி முடித்துவிடவில்லை. பிறப்பு இறப்பு எழுதுகிற எங்கள் ஊர் மணியகாரர் நோட்டில் நான் எப்படி இருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

ஒரு நாள் ஆறாவது டப்பாவில் ஒரு சீட்டு குறுக்கே கோடு அடித்துக் கிடந்தது. பிறப்புச் சீட்டு. எடுத்துப் பார்த்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், பிள்ளையின் பெயர் மூன்றும் மதர் தாளில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு பாட்டனுடைய பிறப்புச் சீட்டில் இருந்த அதே எழுத்துகள். வருடம் மட்டும் இரண்டு முன்னால்.

"இதை ஏனுங்க அடிச்சீங்க?"

"தம்பி ஒரே ஆளை இரண்டு தடவை எழுதிவிட்டான். வருஷத்தையும் பிசகாக எழுதியிருக்கிறான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இன்னொரு டப்பாவில், எந்தக் குடும்பத்தோடும் சேராதவை என்று மதர் ஒதுக்கியிருந்த சீட்டுகளில், அதே பெயரில் ஒரு அடக்கச் சீட்டைப் பார்த்த ஞாபகம் எனக்கு இருந்தது. தேடி எடுத்தேன். ஒரு வயதுக் குழந்தை. மூன்றையும் வரிசையாக வைத்தேன். பிறப்பு, அடக்கம், மறுபடி பிறப்பு.

"தம்பி சரியாத்தானுங்க எழுதியிருக்காரு. இது ரெண்டு ஆளுங்க. மூத்தது செத்துப் போச்சு. அடுத்ததுக்கு அதே பேரை வெச்சுட்டாங்க. எங்கூட்டுக்காரரே அப்படித்தானுங்க, ரெண்டாவது ஆளு. தாத்தன் பேரு ஊட்டுல இருக்கோணும்னு, செத்துப்போன அண்ணன் பேரையே வெச்சாங்களாம்."

மதர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு ஏனோ கோபமாக வந்தது. யாரோ ஒருத்தி, கடலுக்கு அப்பால், எப்போதோ பெற்றுப் புதைத்த குழந்தை. அவனைப் பிழை என்று கோடு அடித்திருக்கிறார்.

"உங்களுக்கு இந்த வழக்கம் தெரியாதுங்களா?" என்றேன். என் குரல் கூலிக்கு வந்தவளின் குரலாக இல்லை.

"தெரியும்," என்றார். "நானும் இரண்டாவதுதான். எனக்கு முன்னால் ஒருத்தி பிறந்து மூன்று மாதத்தில் மரித்தாள். அவள் பெயரை எனக்கு வைத்தார்கள். எழுதப் படிக்கக் கற்றதும் ஒரு நாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கல்லில் என் பெயர் இருந்தது. எனக்கு அப்போது ஆறு வயது."

"உங்கம்மா உங்களைக் கூப்பிடும்போது எப்படிங்க இருக்கும்?"

"சில சமயம் அம்மா கூப்பிட்டால், என்னைத்தானா என்று நின்று யோசிப்பேன். மடத்தில் சேர்ந்தபோது எங்களுக்கு வேறு பெயர் கொடுப்பார்கள். மற்றப் பெண்கள் பழைய பெயரை விட அழுதார்கள். எனக்குச் சந்தோஷம். அவளுடையதை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்."

அப்படிப்பட்டவரே அந்த முதல் குழந்தையை அடித்துவிட்டிருக்கிறார். தெரியாமல் செய்த பிழையென்று நான் நம்பவில்லை. பார்க்க விருப்பமில்லாமல் செய்தது. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அடித்த சீட்டை என் கையிலிருந்து வாங்கி, புதிதாக ஒரு சீட்டில் அதை அப்படியே எழுதினார். நீளத் தாளில் பாட்டனுக்கு முன்னால் அவர் அண்ணனுக்கு ஒரு இடம் போட்டார்.

நான் அப்போது நான்கு மாதம் முழுகாமல் இருந்தேன். ஆண் பிள்ளை பிறந்தால் என்ன பெயர் என்பது எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. இரண்டாமவன் அந்தப் பெயரோடு வளர்ந்து, கல்யாணம் பண்ணி, நிலத்தை உழுது, கிழவனாகிச் சாவான். அந்தப் பெயர் முழுக்க அவனுடையதாகிவிடும். மூத்தவனுக்கு ஒரு கல் இல்லை. ஒரு போட்டோ இல்லை. இரண்டரை வருடத்தில் அவனுக்கென்று கொடுக்கப்பட்டது அந்தப் பெயர் ஒன்றுதான், அதையும் உரித்துத் தம்பிக்குப் போட்டுவிட்டால் அவன் பிறக்கவே இல்லை என்றாகிவிடும்.

"மதர், ரெண்டு வருசத்துக்கு முன்னால என்கிட்ட ஒரு பேரு கேட்டீங்க. நான் சொல்லலை. இப்பச் சொல்றேனுங்க," என்றேன்.

அவர் எழுந்து போய் அந்தப் பழைய நோட்டைக் கொண்டுவந்தார். பக்கத்தை நான்தான் கண்டுபிடித்தேன். கட்டம் காலியாகவே இருந்தது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். என் மகன் மண்ணுக்குள் போய் இரண்டு வருடம் கழித்து அவன் பெயரை நான் முதல்முறையாகச் சொன்னேன். மதர் தமிழ் எழுத்திலேயே எழுதினார். நான் ஓவென்று அழுதேன். உள்ளேயிருந்து இன்னொரு கன்னியாஸ்திரீ என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

ஆண் பிள்ளைதான் பிறந்தான். மாமனார் தோள்துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடாத குறை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நானே மறுக்கா வந்துட்டனுங்க" என்றார். குலசாமி கோயிலில் மொட்டையடித்துக் காது குத்திப் பெயர் வைக்க நாள் பார்த்தாகிவிட்டது.

அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் நின்றேன்.

"மாமா, இவனுக்கு வேற பேரு வெக்கோணுங்க."

கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "என்ற பேரு இந்த ஊட்டுல நிக்கோணும் அம்மிணி. அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

"அது மூத்தவன் பேருல நிக்குதுங்க."

"செத்தவன் பேருல என்னத்த நிக்கும்?"

"நீங்க பெத்த மூத்தவரு எங்க இருக்காருங்க? எந்த இடத்துல புதைச்சீங்க?"

அவருக்குத் தெரிந்தால் சொல்லியிருப்பார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதையெல்லாம் பொம்பளைங்க கேக்கற வழக்கமில்லை" என்று கை கழுவினார். எந்தப் பெயர் வேண்டாம் என்று ஊர் முன்னால் சொல்வதற்குக்கூட அந்தப் பெயரைச் சொல்ல முடியாதவள் நான். அதுதான் அவருடைய தைரியம்.

கணவரைக் கேட்டேன். அவர் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டே பேசினார்.

"எனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்னு தெரியும். எங்கம்மா சும்மா இருக்கறப்ப என்னையப் பாத்து அளுகும். நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு தெரியாம நானும் அளுவேன்."

"அப்ப நீங்க உங்கப்பாருகிட்டச் சொல்லுங்க."

"எங்கப்பன் முன்னால எனக்கு வாய் வராது. நீ என்னமோ பண்ணு. நான் தடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அதற்காக அவரை நான் குறைத்து நினைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் மேல் எனக்கு இருந்த எரிச்சலையும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

குலசாமி கோயில் பொட்டல் காட்டில் ஒரு வேப்ப மரத்தடியில் இருந்தது. பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். பொங்கல் வைத்தாகிவிட்டது. என் அண்ணன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மொட்டையடித்தார்கள். ஆசாரி காது குத்தினார். வீல் வீலென்று கத்தினவனை நான் வாங்கிச் சமாதானப்படுத்தினேன். மாமனார் சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, கிடாயைப் பிடித்திருந்தவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் வைக்கிற நேரம். நாத்தனார் என் பக்கத்தில் வந்து குழந்தையின் காதருகே குனிந்தார்.

நான் அந்தக் காதை என் உள்ளங்கையால் மூடினேன்.

"கையை எடு அம்மிணி," என்றார் நாத்தனார், மெதுவாக.

"எடுக்க மாட்டேனுங்க."

"எல்லாரும் பாக்கறாங்க."

பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன். என் மூத்தவனின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. கண் செருகிக் கிடந்த முகமில்லை. கடலைச் செடியைப் பிடுங்கிவிட்டு, அடி விழுமா விழாதா என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம். நான் அவன் பெயரைக் கூப்பிட்டேன். வயல்வெளியில் தூரத்தில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, முழுக் குரலில், பெயரை நீட்டிக் கூப்பிட்டேன்.

இலையில் பொங்கலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமனாரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் செத்துப்போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அண்ணன், மாமன், பெரியப்பன், சாமி என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது. அவர் சட்டென்று திரும்பி, தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்றார். ஒரு சின்னப் பையன் பெற்றவர்களுக்குச் சொல்கிற பதில் அது. சொல்லிவிட்டு இரண்டு அடி நடந்தும் வந்துவிட்டார். அப்புறம்தான் கூப்பிட்டது யார் என்று பார்த்தார்.

"உங்களைக் கூப்புடலீங்க மாமா," என்றேன். "எம்மவனைக் கூப்புட்டேன்."

அவருக்கு எவனைச் சொல்கிறேன் என்று புரிந்தது. துண்டை இறுக்கிப் பிடித்தார். அடிக்க வருவாரோ என்று என் அண்ணன் எழுந்து நின்றார். மாமனார் வரவில்லை. வேப்ப மரத்து வேர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் வரமாட்டானே அம்மிணி," என்றார்.

"வரமாட்டானுங்க. தெரியுமுங்க. அதுக்காக அவனைக் கூப்புட்டா இன்னொருத்தன் வந்து நிக்கறதை என்னால பாக்க முடியாதுங்க. அந்தப் பேரு அவனுக்கு மட்டுந்தானுங்க. இவன் அவனோட தம்பி."

பங்காளிகளில் யாரோ, மருமகளுக்குத் திமிர் என்றார்கள். ஆமாம், திமிர்தான். நாத்தனார் தன் அப்பாவைப் பார்த்தார். அவர் தலையைத் தூக்கவும் இல்லை, ஆட்டவும் இல்லை. நாத்தனார் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். வேறு யாரும் முன்னால் வரவில்லை.

நான் கையை எடுத்தேன். நானே குனிந்து, நான் யோசித்து வைத்திருந்த வேறொரு பெயரைத் தம்பிக்காரனின் காதில் மூன்று முறை சொன்னேன்.